பேர் சொல்லிக் குறைத்த கூலி



பெண்களுக்குச் சம ஊதியம் பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் அழைத்ததும் எனக்கு ஒரு பழைய நோட்டு ஞாபகம் வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு நாலு ஏக்கர் நஞ்சை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூலி நோட்டு எழுதுவது என் பொறுப்பு. பக்கத்தின் நடுவில் அப்பா அடிக்குச்சி வைத்துக் கோடு போட்டுத் தருவார். இடப்பக்கம் ‘ஆள்’, வலப்பக்கம் ‘பெ. ஆள்’. வரப்பு வெட்டியவர்கள், பரம்படித்தவர்கள், நாற்றுப் பறித்துக் கட்டியவர்கள் இடப்பக்கம். நடவு நட்டவர்கள், களை பறித்தவர்கள் வலப்பக்கம். அறுப்பு வந்தால் இரண்டு பக்கத்தாரும் ஒரே வயலில், ஒரே வரிசையில் குனிந்து அறுப்பார்கள். அன்றைக்கும் நோட்டில் கோடு இருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் தொகை குறையும்.

சாயங்காலம் திண்ணை ஓரம் வந்து நின்று, “பாப்பா, என் பேரை எழுதிட்டியா?” என்று கேட்பார்கள் அந்தப் பெண்கள். பேர் விட்டுப் போய்விடக் கூடாதே என்ற கவலை மட்டும்தான் அவர்களுக்கு. தொகை ஏன் குறைவு என்று அவர்கள் கேட்டதில்லை. எழுதிய எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ‘ஆள்’ என்றால் ஆம்பளை, பெண்ணென்றால் முன்னால் ஓர் எழுத்தும் புள்ளியும் சேர்க்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது அந்த நோட்டில்தான். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

பிறகு வழக்கறிஞராகி, முப்பது ஆண்டுகளாகத் தொழிலாளர் வழக்குகள் நடத்தி வருகிறேன். கட்டட வேலை, பனியன் கம்பெனி, அலுவலகம் என்று எங்கே போனாலும் அப்பா போட்ட கோட்டைப் பார்த்திருக்கிறேன். இன்று உங்களிடம் சொல்ல வந்தது ஒன்றுதான். ‘நீ பெண், அதனால் உனக்குக் குறைவு’ என்று இப்போது யாரும் எழுதி வைப்பதில்லை. வேலைக்கு வேறொரு பேர் வைக்கிறார்கள். பேர் மாறியதும் கூலி தானாகக் குறைந்துவிடுகிறது. சம ஊதியச் சட்டம் எங்கெல்லாம் வென்றதோ அங்கெல்லாம் அது பேரைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தது. எங்கெல்லாம் தோற்றதோ அங்கே பேரோடு நின்றுவிட்டது.

சட்டம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசியல் சட்டத்தின் 39-ஆம் கூறு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. ஆனால் அது அரசுக்கான வழிகாட்டு நெறி. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு தொழிலாளி நீதிமன்றப் படியேற முடியாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1951-இல் நிறைவேற்றிய நூறாவது உடன்படிக்கையை இந்தியா 1958-இல் ஏற்றுக்கொண்டது. ஏற்ற பிறகும் பதினேழு ஆண்டுகள் தனிச் சட்டம் வரவில்லை. அரசே நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியில்கூடப் பல மாநிலங்களில் ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை. எங்கள் வீட்டு நோட்டில் இருந்த கோடு அரசிதழிலும் இருந்தது. 1974 டிசம்பரில் பூல்ரேணு குஹா தலைமையிலான குழு ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கையைத் தந்தது. வீணா மஜும்தார் அதன் உறுப்பினர்–செயலர். சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு கழித்தும் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அந்த அறிக்கை காட்டியபோது ஆட்சியாளர்களுக்கே அதிர்ச்சி. அடுத்த ஆண்டு பன்னாட்டு மகளிர் ஆண்டு. 1975 செப்டம்பரில் அவசரச் சட்டம் வந்தது. 1976-இல் சம ஊதியச் சட்டம் நிறைவேறியது. நாடு நெருக்கடி நிலையில் இருந்த காலம் அது. பல உரிமைகள் பறிபோன அதே மாதங்களில் இந்த உரிமை வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

பதினெட்டே பிரிவுகள் கொண்ட சின்னச் சட்டம். அதில் இரண்டு இடங்களை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். முதலாவது, சமப்படுத்துகிறேன் என்று சொல்லி யாருடைய கூலியையும் குறைக்கக் கூடாது என்ற விதி. அதுவரை இருவருக்கும் வெவ்வேறு தொகை கொடுத்து வந்திருந்தால், இரண்டில் எது அதிகமோ அதையே இனி இருவருக்கும் கொடுக்க வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? ஆணின் கூலியைக் கீழே இறக்கிவிட்டு, “பாருங்கள், சமம்” என்று காட்டியிருப்பார்கள். உடன் வேலை செய்யும் ஆண்களும் அந்தப் பெண்களின் மேல் பாய்ந்திருப்பார்கள். சட்டம் எழுதியவர்கள் அதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ‘ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை’ என்பதற்கான விளக்கம். ஒத்த சூழலில் செய்யும்போது அந்த வேலைக்குத் தேவைப்படும் திறமை, உழைப்பு, பொறுப்பு மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏதாவது வேறுபாடு இருந்தாலும் அது நடைமுறையில் பெரிதாக எண்ணத்தக்கதாக இருக்கக் கூடாது. பதவியின் பேர் என்ன என்ற கேள்வியே அந்த விளக்கத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த விளக்கத்துக்கு உயிர் கொடுத்தது பம்பாய் வழக்கு ஒன்று. மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனிக்கும் ஆட்ரி டி கோஸ்டா என்ற சுருக்கெழுத்தாளருக்கும் நடந்தது. அந்தக் கம்பெனியில் மேலதிகாரிகளுடன் இருந்த பெண்களுக்கு ‘கான்ஃபிடென்ஷியல் லேடி ஸ்டெனோகிராபர்’ என்று பேர். பொதுப் பிரிவில் இருந்த ஆண்கள் வெறும் ஸ்டெனோகிராபர்கள். சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுப்பதும் தட்டச்சு செய்து கொடுப்பதும்தான் இருவருக்கும் வேலை. சம்பள விகிதம் மட்டும் வேறு. 1977 ஜூனில் டி கோஸ்டாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். குறைத்துக் கொடுத்த வகையில் அவருக்குச் சேர வேண்டியிருந்த பாக்கி 7,196 ரூபாய் 67 காசு.

கம்பெனி என்ன சொன்னது? ரகசியப் பணி வேறு, பொதுப் பணி வேறு என்றது. ஆண்கள் யாரும் அந்த இடத்தில் வேலை பார்க்கவில்லை, ஒப்பிட ஆளே இல்லை என்றது. தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில்தான் இந்த விகிதம் வந்தது என்றது. கம்பெனியின் பண நிலை சரியில்லை என்றும் சொல்லிப் பார்த்தது. முதலில் விசாரித்த அதிகாரி வேலை ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஆனாலும் இதில் பால் பாகுபாடு இல்லை என்று தள்ளிவிட்டார்! மேல்முறையீட்டில் டி கோஸ்டா வென்றார். கம்பெனி உயர் நீதிமன்றம் போய், அங்கும் தோற்று, உச்ச நீதிமன்றம் வந்தது.

1987 மார்ச்சில் நீதிபதி இ. எஸ். வெங்கடராமையா எழுதிய தீர்ப்பு எல்லா வாதங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளியது. அந்த இருக்கையில் ஆண்களை உட்காரவைக்காதது நிர்வாகத்தின் விருப்பம்; அதையே காரணமாகக் காட்டிப் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்க முடியாது. நடைமுறையில் செய்யும் வேலை ஒன்றா என்று விரிந்த பார்வையோடு பார்க்க வேண்டும். சில்லறை வேறுபாடுகளைத் தேடிப் பிடிக்கக் கூடாது. ஒப்பந்தம் சட்டத்தை மீற முடியாது. பணமில்லை என்பதும் பதிலாகாது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஏழாயிரத்துச் சொச்ச ரூபாய். தொகையை விடுங்கள். ‘லேடி’ என்ற ஒரு சொல்லை வேலையின் முன்னால் ஒட்டிவிட்டுக் கூலியை வெட்டலாம் என்ற பழக்கத்தை அந்தத் தீர்ப்பு உடைத்தது. என் ‘பெ.’வும் அதன் புள்ளியும் அதே சொல்தான்.

ஆனால் அதே நீதிமன்றம் ஆறு ஆண்டுகளுக்கு முன், 1981-இல், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில் வேறு மாதிரி பார்த்திருந்தது. பணிப்பெண்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும், முதல் முறை கருவுற்றால் வேலை போய்விடும் என்றெல்லாம் விதிகள். அதே விமானத்தில் அதே பயணிகளைக் கவனித்த ஆண்களுக்கு அந்த விதிகள் இல்லை. கருவுற்றால் நீக்கும் விதியை நீதிமன்றம் ரத்து செய்தது, நல்லது. ஆனால் இரு தரப்பாரும் சேரும்போதே தனித்தனிப் பிரிவினர், ஆகவே ஒப்பிட முடியாது என்று சொல்லிவிட்டது. தனிப் பிரிவாக வைத்தது யார்? அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டது என் பார்வையில் பெரிய பிழை. சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. 1968 ஜூனில் இங்கிலாந்தில் டாகென்ஹாம் என்ற ஊரில் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் 187 பெண்கள் தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். கார் இருக்கைகளுக்கு உறை தைப்பவர்கள் அவர்கள். அந்த வேலையை நிர்வாகம் ‘பி’ தரத்தில், அதாவது குறைந்த திறன் வேலைகளோடு சேர்த்திருந்தது. அந்தத் தரத்து ஆண்களின் கூலியில் நூற்றுக்கு 85 பங்குதான் பெண்களுக்கு. இருக்கை உறை இல்லாமல் கார் வெளியே போகாது. மூன்று வாரத்தில் தொழிற்சாலையே நின்றது. அமைச்சர் பார்பரா காசில் அவர்களை அழைத்துப் பேசினார். கூலி 92 பங்காக ஏறியது. 1970-இல் அந்த நாட்டில் சம ஊதியச் சட்டமும் வந்தது. எல்லோரும் கொண்டாடும் வெற்றி அது. ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது, “எங்கள் தையலைத் திறமையான வேலை என்று ஒப்புக்கொள், ‘சி’ தரத்தில் வை” என்பது. அது மட்டும் கிடைக்கவில்லை. இன்னொரு வேலைநிறுத்தம் செய்து 1984-இல்தான் கிடைத்தது. பணத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்க மனம் வந்தவர்களுக்கு, ஊசி பிடிக்கும் கைக்கும் திறமை உண்டு என்று எழுதிக் கொடுக்கப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

அதே 1984-இல்தான் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நம் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான நாட்சம்பளம் வந்தது. அந்த ஆண்டு தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் பலன் அது. நூறு ஆண்டுக்கு மேல் குறைவாக வாங்கியவர்களுக்குச் சமம் என்றால் சின்ன விஷயமா? ஆனால் தாளில் சமமானது மலையில் சமமாகவில்லை. கவ்வாத்து வெட்டும், கான் வெட்டும், மருந்தடிப்பும் ஆண்கள் வேலை. குறித்த அளவை முடித்துவிட்டால் பெரும்பாலும் மத்தியானத்தோடு கிளம்பிவிடலாம். கொழுந்து பறிப்பு பெண்கள் வேலை. விடியற்காலைப் பெரட்டில் பேர் பதிந்து, மலையேறி, மழையோ அட்டையோ சாயங்காலம் வரை கூடையோடு நின்று, மடுவத்தில் நிறுவை முடிந்த பிறகுதான் லயத்துக்கு நடை. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். ஒரு நாள் சம்பளம் இருவருக்கும் ஒன்று. ‘ஒரு நாள்’ என்பதன் நீளம்தான் வேறு. பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவனே கையெழுத்துப் போட்டு வாங்கும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. சம்பள விகிதத்தை மட்டும் பார்க்கும் சட்டத்தின் கண்ணில் இவை எதுவும் படாது.

விகிதத்தைப் பார்ப்பதற்கும் கைக்கு வந்ததைப் பார்ப்பதற்கும் உள்ள தூரத்தை 1982-இல் நம் உச்ச நீதிமன்றம் பார்த்தது. தில்லியில் ஆசிய விளையாட்டுக்காக அரங்குகள் கட்டிய தொழிலாளர்களின் வழக்கு அது. நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. ஆள் பிடித்து வந்த ஜமேதார்கள் கழிப்பதைக் கழித்துக்கொண்டு பெண்களுக்குக் கொடுத்தது 7 ரூபாய். நீதிபதி பகவதி அதைச் சம ஊதியச் சட்ட மீறல் என்றதோடு நிற்கவில்லை. அது அரசியல் சட்டத்தின் சமத்துவ உரிமையையே மீறுவது என்றார். அரசு வேலையைக் காண்டிராக்டரிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவ முடியாது என்றும் சொன்னார்.

இப்போது அந்த 1976 சட்டம் தனிச் சட்டமாக இல்லை. 2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து அதைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. ஆண், பெண் என்று மட்டும் சொல்லாமல் ‘பாலினம்’ என்ற சொல்லைப் புதிய சட்டம் வைத்திருப்பதை வரவேற்கிறேன்; திருநங்கையரும் திருநம்பியரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். ஒத்த வேலை என்ற விளக்கமும் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆனால் 1987 திருத்தம் பழைய சட்டத்தில் சேர்த்திருந்த பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் என்ற சொற்களை இதில் காணவில்லை. ‘வேலை நிபந்தனைகள்’ என்ற பொதுச் சொல்லுக்குள் அவை அடங்கும் என்று நாங்கள் வாதாடத்தான் போகிறோம். எழுதியிருந்ததை எடுத்துவிட்டு வாதாடி வாங்கிக்கொள் என்பது நியாயமா? எத்தனை பெண்களுக்கு வாதாட வசதி இருக்கிறது? ஆய்வாளருக்கும் இப்போது ‘ஆய்வாளர்–உதவியாளர்’ என்று பேர் மாறியிருக்கிறது. பேர் மாறினால் வேலையும் மாறும் என்று பயப்பட எனக்குக் காரணம் இருக்கிறது.

இதில் இன்னொரு பெரிய குறை, ஒத்த வேலைக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டும் பாரம் நடைமுறையில் பெண்ணின் தலையில் விழுவது. பக்கத்து மேசைக்காரரின் சம்பளம் என்ன என்றே தெரியாதவர் எதை வைத்து நிரூபிப்பார்? ஐஸ்லாந்து 2018-இல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தாங்கள் சமமாகக் கொடுப்பதைத் தாங்களே மெய்ப்பித்துச் சான்று வாங்க வேண்டும் என்று விதி வைத்தது. கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவரே கணக்குக் காட்டட்டும் என்பதில் என்ன தவறு இருக்க முடியும்?

எங்கள் ஊருக்கு வருகிறேன். நூறு நாள் வேலைத் திட்டம் வந்தபோது எங்கள் ஊர்ப் பெண்கள் முதல் தடவையாக ஆண்களுக்குக் கிடைத்த அதே தொகையைக் கையில் வாங்கினார்கள். அந்த மஸ்டர் ரோலில் ‘பெ. ஆள்’ என்று தனிப்பக்கம் இல்லை. தமிழ்நாடு முழுவதும் அந்த வேலைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதில் வியப்பென்ன? அதே ஊரில் நடவு எந்திரம் வந்தது. இத்தனை காலம் இடுப்பொடியச் சேற்றில் குனிந்து பின்னால் நகர்ந்து நகர்ந்து பெண்கள் நட்ட நடவு ‘லேசு வேலை’. எந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து நடுகிற ஆணுக்கு இப்போது ஆபரேட்டர் சம்பளம்.

‘லேசு வேலை’ என்ற சொல்லை நான் கடைசியாகக் கேட்டது ஒரு கட்டட வழக்கில். காண்டிராக்டர் யார், ஊர் எது என்பது இங்கே தேவையில்லை. மம்பட்டியாளுக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு அதைவிடக் குறைவு. மம்பட்டி பிடிப்பவர்கள் எல்லாம் ஆண்கள், சித்தாள்கள் எல்லாம் பெண்கள். பதிவேட்டில் கோளாறு எதுவும் தெரியாது. இரண்டும் இரண்டு வேலைகள். சித்தாள் வேலை லேசு வேலை என்று எதிர்த்தரப்பு சொன்னது. தளத்துக்கு காங்கிரீட் போடும் நாளாகப் பார்த்து நான் போய் உட்கார்ந்தேன். மம்பட்டியாள் கலவையை வெட்டிச் சட்டியில் போடுகிறார். சித்தாள் சும்மாட்டின் மேல் அதை வாங்கி, சாரப் பலகையில் ஏறி, முதல் மாடித் தளத்தில் கொட்டிவிட்டு வெறுஞ் சட்டியோடு இறங்குகிறார். நிறைந்த சட்டி ஒன்றைத் தராசில் வைத்துப் பார்த்தோம், பதினேழு கிலோ. பலகையில் ஏறும்போது ஒரு கை சட்டியில், ஒரு கை காற்றில். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. திறமை, உழைப்பு, பொறுப்பு என்று சட்டம் கேட்ட மூன்றும் அந்தப் பலகையின் மேல் நடந்து போய்க்கொண்டிருந்தன.

அந்த வழக்கு பேச்சுவார்த்தையில் முடிந்தது. பாக்கியில் ஒரு பகுதிதான் கிடைத்தது. முழுவதும் வாங்கித் தர முடியவில்லையே என்ற குறை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் மனு எழுதும் முறையை அந்த வழக்கிலிருந்து மாற்றிக்கொண்டேன். பதவியின் பேரைப் போடுவதற்கு முன்னால், காலையில் வந்தது முதல் சாயங்காலம் போகும் வரை அவர் என்னென்ன செய்கிறார் என்று கேட்டு வரிசையாக எழுதிவிடுவேன். அந்தச் சித்தாள்களுக்காக எழுதிய மனுவில் பன்னிரண்டு வேலைகள் எழுதியிருந்தேன். மணல் சலிப்பது, செங்கல் நனைப்பது, சட்டி சுமப்பது என்று உரக்கப் படித்துக் காட்டினேன். சுற்றி உட்கார்ந்து ஏழெட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒண்ணு விட்டுட்டீங்க வக்கீலம்மா. தளம் போட்ட மறுநா காலையில எல்லாருக்கும் முன்னாடி வந்து பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துறது யாரு? நாங்கதான. அது காஞ்சா தளமே வெடிச்சுப் போயிரும்.”

பதின்மூன்றாவதாக அதை எழுதினேன். நான் எழுதி முடிக்கும் வரை அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏழு நாளைக்கும்னு எழுதுங்கம்மா” என்றார்.